மழைக்கு ஒழுகும் சன்ரூஃப்: நிரந்தரமாக அடைத்துவிடலாமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் சன்ரூஃப் உள்ள கார் வாங்கினோம். மகன் ஆசைப்பட்டான் என்பதற்காகவே அந்த மாடலை எடுத்தோம். மூன்று மழைக்காலங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த ஐப்பசியில் இரண்டு நாள் மழைக்கே, உள்ளே முன்கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்கிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மறுநாள் காலை தெருமுனையில் பிரேக் போட்டதும் ஒரு டம்ளர் தண்ணீர் அப்படியே டேஷ்போர்டில் கொட்டியது. இடது முன்னிருக்கையின் கால்மேட்டை மிதித்தால் சளசளவென்கிறது, ஊசல் நாற்றம் வேறு. பக்கத்துப் பட்டறையில் கண்ணாடியைச் சுற்றிச் சிலிகான் பூசிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நின்றது. அடுத்த பெருமழையில் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. இன்னோர் இடத்தில், சன்ரூஃப் முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும், 70,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கார் எப்போதும் வாசலில் தெருவோரம், வேப்ப மரத்தடியில்தான் நிற்கும். ஏசி தண்ணீராக இருக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். பேசாமல் சன்ரூஃபை நிரந்தரமாக அடைத்துவிடலாமா?

— வாசகி, தாம்பரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 70,000 ரூபாயை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது உங்கள் சன்ரூஃபில் எதுவும் உடைந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேப்ப மரம், முன் விளக்கு, பிரேக் போட்டதும் கொட்டிய தண்ணீர், நனைந்த இடது மூலை ஆகிய நான்கும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. எந்த இடம் என்று சொல்வதற்கு முன் சன்ரூஃப் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாததால்தான் உங்களுக்குச் சிலிகான் பூசிவிட்டார்கள்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங், தண்ணீரை முழுவதுமாகத் தடுக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில மெக்கானிக்குகளும் அப்படியே நினைக்கிறார்கள். திறந்து மூடும் ஒரு கண்ணாடியை அப்படி இறுக்க முடியாது. இறுக்கினால் அது நகராது. பெரும்பகுதி மழையை ரப்பர் வெளியே வழித்துவிடும். அதையும் மீறிக் கசியும் தண்ணீர் கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஓடும் ஒரு வாய்க்காலில் விழும். அந்த வாய்க்காலின் மூலைகளில் துளைகள் இருக்கும். பெரும்பாலான கார்களில் நான்கு. ஒவ்வொரு துளையிலிருந்தும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு டியூப் புறப்படும். முன்னால் இருக்கும் இரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, முன்கதவின் கீல் இருக்கும் இடுக்கிலோ மட்கார்டுக்கு உள்ளேயோ தண்ணீரைவிடும். பின்னால் இருக்கும் இரண்டும் பின்தூண்கள் வழியே இறங்கிப் பின்சக்கரத்தின் அருகிலோ பம்பருக்குப் பின்னாலோ முடியும்.

நம் ஊர்ப் பழைய முற்றம் வைத்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் மழை விழுவதை யாரும் ஒழுகல் என்று சொன்னதில்லை. விழும் தண்ணீர் ஜலதாரை வழியாகத் தெருவுக்குப் போய்விடும். ஒரு நாள் ஜலதாரையில் சருகு அடைத்துக்கொண்டால் முற்றம் நிரம்பித் தாழ்வாரத்தில் ஏறும். பாயும் நனையும், நெல் மூட்டையும் நனையும். அப்போது வீட்டுக்காரர் குச்சியை எடுத்துக்கொண்டு ஜலதாரைக்குத்தான் போவார்; முற்றத்துக்கு மேலே கூரை போட ஓட மாட்டார். உங்கள் காரில் நடந்திருப்பதும் அதுதான். சன்ரூஃப் முற்றம், டியூப் ஜலதாரை. உங்கள் பட்டறைக்காரர் முற்றத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். நீளமான கண்ணாடிக் கூரை வைத்த கார்களில் கண்ணாடியின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் 100 மில்லி மீட்டர் பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. அன்று அந்தக் கண்ணாடியில் மட்டும் 100 லிட்டர் விழுகிறது. இதில் நூற்றில் மூன்று பங்கு ரப்பரைத் தாண்டினாலே வாய்க்காலுக்குள் 3 லிட்டர் வந்துவிடும். டியூப் திறந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலே வெளியேறிவிடும். அடைத்திருந்தால் அந்த 3 லிட்டரும் கூரையின் உட்புறத் துணி விரிப்புக்கு மேலே தேங்கி நிற்கும். காலையில் பிரேக் போட்டதும் டேஷ்போர்டில் கொட்டியது அப்படித் தேங்கிய தண்ணீர்தான். கார் நின்றதும் தேங்கிய தண்ணீர் முன்னால் பாய்ந்து, விளக்குக்காக வெட்டிய துவாரத்தில் இறங்கியிருக்கிறது.

நான் சந்தேகப்படும் இடம் முன் இடது மூலையின் டியூப். சரி, ஏன் இடது பக்கம்? நம் தெருக்கள் நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் போடப்பட்டவை. இடது ஓரத்தில் நிறுத்தும் காரின் இடது சக்கரங்கள் எப்போதும் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். வாய்க்காலில் சேரும் தண்ணீரும் அதில் மிதந்து வரும் குப்பையும் நான்கு ஆண்டுகளாக இடது மூலையை நோக்கியே நகர்ந்திருக்கும். அதனால் முதலில் அடைத்தது அந்த மூலையாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வேப்ப மரம் மீதியைச் செய்திருக்கும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும்போது காரின் மேல் மாவு தூவியது போல் இருக்குமே, அந்தப் பூ கண்ணாடியின் விளிம்பு இடுக்கில் இறங்கி, தூசியோடும் ரப்பரில் இருக்கும் பசையோடும் சேர்ந்து, வெயிலில் காய்ந்து, ஆடியில் பெய்யும் நாலு தூறலில் ஊறி, மறுபடி காய்ந்து, ஐப்பசி வரும்போது தக்கை மாதிரி ஆகிவிடும். போன மாதம் ஒரு காரின் டியூபிலிருந்து நான் உருவி எடுத்தது விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் திரி. விரலால் நசுக்கிப் பார்த்தேன். உள்ளே வேப்பம்பூக் காம்புகள், ஓர் எறும்பின் தலை, நைந்த புங்கம்பூ. காப்பித்தூள் சக்கையைப் போல நொறுங்கியது. முழங்கால் அளவு தண்ணீரில் ஓடியும் கெடாத அந்தக் கார், இந்தத் திரியால்தான் உள்ளே நனைந்து கிடந்தது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அந்தச் சிலிகானை எடுக்க வேண்டும். அதுவரை சன்ரூஃப் சுவிட்சைத் தொடாதீர்கள், மகனையும் தொட விடாதீர்கள். ஒட்டிக்கிடக்கும் கண்ணாடியை மோட்டார் இழுத்தால் உள்ளே இருக்கும் பல் வைத்த இழுவைக் கம்பியோ பிளாஸ்டிக் நகர்த்தியோ உடையும். அப்போது அந்த 70,000 ரூபாய்ச் செலவு உண்மையாகவே வந்துவிடும். பிளேடு வேண்டாம், பெயின்டைக் கீறினால் அங்கிருந்து துரு கிளம்பும். பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் ஒரு முனையைக் கிளப்பி, நாடா உரிப்பது போல மெல்ல உரியுங்கள். சிலிகான் பெரும்பாலும் நீள நீளமாக உரிந்து வரும். ரப்பரோடு பிடித்துக்கொண்ட துணுக்குகளைக் கட்டைவிரலால் தேய்த்தே எடுத்துவிடலாம். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம்; ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஒரு துணுக்கும் வாய்க்காலுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் சிலிகான் பூசிய பிறகு ஒழுகல் கூடியதற்கு, பூசும்போது பிதுங்கிய சிலிகான் வாய்க்காலின் மூலைத் துளையை மூடியிருக்கலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கும்.

ஏசி தண்ணீரா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. இடது முன்பக்கக் கால்மேட் நனைவதற்கு நம் ஊரில் அதுவும் அடிக்கடி காரணம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் படியும் நீர் ஒரு சிறு குழாய் வழியே காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே கார்பெட்டில் இறங்கும். ஆனால் ஏசி தண்ணீர் கூரை விளக்கில் சொட்டாது. மழை நாளில் நிறுத்தி வைத்த காரிலும் வராது. வெயில் நாளில் அரை மணி நேரம் ஏசியை ஓடவிட்டுக் காருக்கு அடியில் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்து தரையில் ஒரு திட்டு ஈரம் இருந்தால் அந்தக் குழாய் நன்றாக இருக்கிறது, அதை மறந்துவிடலாம். நனைந்த கார்பெட்டைத் தொட்ட விரல் பிசுபிசுவென்று இருந்து இனிப்பான வாசனை அடித்தால் அது கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அன்றைக்கே பட்டறைக்குப் போக வேண்டிய வேறு நோய்.

இப்போது டம்ளர் சோதனை. இதற்கு மெக்கானிக் தேவையில்லை. மழை விட்ட ஒரு காலை, மூக்கு உள்ள ஒரு சின்னக் குவளை, அரை லிட்டர் தண்ணீர், கீழே நின்று பார்க்க ஒருவர், இவ்வளவு போதும். காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சன்ரூஃபை முழுதாகத் திறந்து, கார்க் கதவின் படி ஓரத்தில் உறுதியாகக் கால் ஊன்றி நின்று, முன்மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி ஓடும் தடத்தின் கடைசியில், மூலையில், ஒரு சிறு வட்டத் துளை தெரியும். அதைச் சுற்றிக் குப்பை இருந்தால் முதலில் ஈரத்துணியைக் குச்சியில் சுற்றி ஒற்றி எடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள். பிறகு குவளையால் அந்தத் துளையருகே நூல் போல் தண்ணீர் ஊற்றுங்கள். கால் டம்ளர் போதும். பக்கெட்டைக் கவிழ்த்தால் ஒன்றும் தெரியாது, காரும் நனையும்.

கீழே நிற்பவர் முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே, அடிப்பகுதியில் பார்க்க வேண்டும். துளை சுத்தமாக இருந்தால் நீங்கள் ஊற்றிய சில நொடிகளில் அங்கே தண்ணீர் ஒழுகும். முதலில் வலது மூலையில் செய்து பாருங்கள். உங்கள் காரில் அது நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்பதற்கு அதுவே உங்கள் அளவுகோல். பிறகு இடது மூலை. தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றாலோ, வலதில் ஐந்து நொடியில் போனது இங்கே அரை நிமிடம் எடுத்தாலோ, அடைப்பு உறுதி. இன்னொரு விதமும் உண்டு, அதைக் கவனமாகப் பாருங்கள். மேலே தண்ணீர் கடகடவென்று இறங்குகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியென்றால் டியூப் அடைக்கவில்லை; நடுவில் எங்கோ கழன்றோ கிழிந்தோ இருக்கிறது, தண்ணீர் தூணுக்குள் கொட்டிக் கால்மேட்டுக்குப் போகிறது. உடனே ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். இந்த இரண்டு நிலைக்கும் மருந்து வேறு வேறு.

பின்மூலைத் துளைகள் பல கார்களில் கண்ணுக்குத் தெரியாது. திறந்த கண்ணாடியே அவற்றை மறைத்துக்கொண்டு நிற்கும். காரின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, பக்கவாட்டுத் தடத்தில் தண்ணீர் விட்டால் அது தானாகவே பின்னால் ஓடும். பின்சக்கரத்தின் அருகே வருகிறதா என்று பாருங்கள்.

அடைப்பை எடுக்க நான் பயன்படுத்துவது தூண்டில் நரம்பு. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில், சுமார் 2 மில்லி மீட்டர் தடிப்பில், விறைப்பாக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். புல் வெட்டும் இயந்திரத்தில் மாட்டும் நைலான் இழையும் அதே வேலையைச் செய்யும். முனையை நெருப்புக்குச்சியில் காட்டி மழுங்க உருட்டிக்கொள்ளுங்கள். கூர் முனை டியூபைக் குத்திவிடும். மேலிருந்து மெல்லச் செலுத்தி, தட்டுப்படும் இடத்தில் அழுத்தாமல், முன்னும் பின்னும் ஆட்டிச் சுழற்றுங்கள். வழி கிடைத்ததும் கை அதை உணரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அலசுங்கள். முதலில் வருவது காப்பி நிறத்தில் இருக்கும். தெளியும் வரை விடுங்கள். சில கார்களில் டியூபின் கீழ் முனையில் வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் வாய் இருக்கும்; சேறு பிடித்து அந்த வாய் ஒட்டிக்கொண்டாலும் மேலே தண்ணீர் தேங்கும். அதைக் கையால் கசக்கிக் கழுவினால் போதும். குளவி மண் வைத்து அடைத்த டியூப்களையும் கீழ் முனையில் பார்த்திருக்கிறேன்.

இரும்புக் கம்பி வேண்டாம், சைக்கிள் பிரேக் கம்பியும் வேண்டாம். அதைவிட முக்கியமாக, டயர் கடைக் கம்ப்ரஸரைக் கொண்டு காற்றடிக்க யாரையும் விடாதீர்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டாக்டரின் காருக்கு அப்படிக் காற்றடித்தேன். அடைப்பு பறந்தது, தண்ணீர் சர்ரென்று இறங்கியது, அவரும் மகிழ்ச்சியாகப் போனார். இரண்டு நாளில் கார் திரும்பி வந்தது. இந்த முறை கால்மேட்டில் தண்ணீர் குளமாக நின்றது. காற்றின் வேகத்தில் டியூப், வாய்க்கால் மூலையில் மாட்டியிருந்த குழல் மூக்கிலிருந்து கழன்று, கூரை விரிப்புக்கு மேலே எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது. விரிப்பு முழுவதையும் இறக்கித்தான் அதை மாட்ட முடிந்தது. இரண்டு நாள் வேலை. காசு வாங்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து என் பட்டறையில் சன்ரூஃப் டியூபுக்குக் கம்ப்ரஸர் கிடையாது. காற்றுதான் வேண்டுமென்றால் சைக்கிளுக்குக் கையால் அடிக்கும் பம்பை மெதுவாக அடியுங்கள், அல்லது கீழ் முனையிலிருந்து வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சினால் டியூப் கழலாது.

சோதனையில் டியூப் கழன்றிருப்பது தெரிந்தால் அங்கே நீங்கள் கை வைக்க வேண்டாம். தூணை மூடியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டியிருக்கும். உங்கள் காரில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருந்தால் அதன் ஒரு பகுதி அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கார் நிறுவனம் சொல்லும் நேரம் காத்திருந்து, அதன் பிறகே தொட வேண்டிய இடம் அது. பட்டறையில், "சன்ரூஃப் ஒழுகுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "முன் இடது டியூபில் தண்ணீர் இறங்குகிறது, கீழே வரவில்லை, கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லும் வாடிக்கையாளரிடம் முழு சன்ரூஃபையும் மாற்ற வேண்டும் என்று யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள். டியூப் கழன்றிருந்தால் மாட்டி ஒரு கிளிப் போட வேண்டும், கிழிந்திருந்தால் டியூபை மாற்ற வேண்டும். செலவில் பெரும்பகுதி கூலிதான். பொருளின் விலை சொற்பம்.

முழு சன்ரூஃபையும் மாற்ற வேண்டிய நேரம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலாக இருக்கும் சட்டமே விரிசல் விட்டிருந்தால், அல்லது அதன் மூலையில் டியூப் மாட்டும் மூக்கு உடைந்துபோயிருந்தால். விபத்தில் கூரை அடிபட்ட காரிலும், கூரைக்கு மேல் தாங்காத பாரம் ஏற்றிய காரிலும் இது நடக்கிறது. அப்போதும்கூட, எங்கே விரிசல் என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் ஊகத்தில் சொல்கிறார்.

டியூப் சுத்தமானதும் ரப்பரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கண்ணாடியை மூடி, மேலிருந்து உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவினால் கண்ணாடியும் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்விளிம்பு ஒரு மயிரிழை தாழ்ந்தும் பின்விளிம்பு ஒரு மயிரிழை உயர்ந்தும் இருக்கலாம். கார் ஓடும்போது காற்றையும் மழையையும் எதிர்கொள்வது முன்விளிம்பு என்பதால் அப்படி வைக்கிறார்கள். முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் ஓடும்போது ஊளை போன்ற சத்தமும் வரும். கண்ணாடியின் இருபுறமும் உள்ளே இருக்கும் நட்சத்திர வடிவத் திருகுகளைத் தளர்த்தி மட்டத்தைச் சரிசெய்யலாம். இது ஒரு மணி நேர வேலை. பீடிங் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்பதற்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைப் பாதி வெளியே, பாதி உள்ளே இருக்கும்படி வைத்துக் கண்ணாடியை மூடி, மெல்ல இழுங்கள். நான்கு பக்கமும் ஒரே பிடியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் தளர்ந்திருக்கிறது.

ரப்பரைத் துடைக்க ஈரத்துணி. காய்ந்த பிறகு ரப்பருக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள். இது பட்டறையில் பூசிய ஒட்டும் சிலிகான் அல்ல. கடையில் கேட்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயும் இன்ஜின் ஆயிலும் தடவி ரப்பரை நாசமாக்கியவர்கள் பலர். சில கார்களில் பீடிங்கின் மேற்பரப்பு வெல்வெட் போல இருக்கும். அதற்கு எதுவும் தடவ வேண்டாம், துடைத்தால் போதும்.

டியூப்கள் நான்கும் சரியாக ஓடி, அதற்குப் பிறகும் மழையில் நனைந்தால்தான் மற்ற இடங்களைத் தேட வேண்டும். பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே முன்கண்ணாடியின் அடியில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்பஞ்சருகு அங்கேயும் சேர்ந்திருக்கும். அந்தப் பள்ளம் நிரம்பினால் ஏசி காற்று உள்ளே போகும் வழியாகத் தண்ணீர் வரும். முன்கண்ணாடி மாற்றிய காராக இருந்தால் ஒட்டுப்பசை, கூரையில் ஆன்டெனாவின் அடி ரப்பர், கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் என்று சந்தேகம் அடுத்தடுத்து நகரும். குழாயைப் பீய்ச்சி அடித்துத் தேடாதீர்கள். கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடமாக, ஐந்து ஐந்து நிமிடம் மெல்லிய நீர் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சுடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சந்தேகமான விளிம்புகளில் முகப் பவுடரைத் தூவி வைத்தால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

ஒழுகல் நின்ற மகிழ்ச்சியில் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. அதை நினைத்துத்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் காரின் தரை இன்னும் நனைந்துதான் இருக்கிறது. மேலே கார்பெட் காய்ந்தது போல் தோன்றும். அதற்கு அடியில் இரண்டு விரல் தடிப்புக்கு ஃபோம் இருக்கிறது; அது லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டியால் அழுத்திப் பாருங்கள், பள்ளத்தில் நீர் ஊறி வரும். நாற்றமும் பூஞ்சணமும் அங்கிருந்துதான். காலையில் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்திருந்தால் அதற்கும் அதுவே காரணம். சில கார்களில் ஒயர் இணைப்புகளும் மின்னணுப் பெட்டிகளும் இருக்கைக்கு அடியிலும் கால்மேட்டுக்கு அடியிலும் ஓடுகின்றன. மழைக்காலத்தில் நனைந்த கார், தை மாதத்தில் காரணமே தெரியாமல் எச்சரிக்கை விளக்கு எரிய என்னிடம் வந்திருக்கிறது. திறந்து பார்த்தால் இணைப்புகளில் பச்சைக் களிம்பு.

எனவே கால்மேட்டை எடுத்துவிட்டு, கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக் கிளப்பி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். பழைய துண்டுகளை அடுக்கி அழுத்தி நீரை எடுங்கள். தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு மேசை மின்விசிறியை உள்ளே திருப்பி வைத்து இரண்டு மூன்று நாள் ஓட விடுங்கள். வெயில் வரும் நேரத்தில் நான்கு கதவும் திறந்திருக்கட்டும். மழைச்சாரலாகவே இருந்தால் கண்ணாடிகளை மூடி, காரைத் திறந்த வெளியில் நிறுத்தி ஏசியை ஓட விடுங்கள்; ஏசி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கதவு மூடிய ஷெட்டுக்குள் நிறுத்தி இன்ஜினை ஓட விடவே கூடாது, அந்தப் புகை உயிரைக் குடிக்கும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள், ஏர்பேக்குக்குரியது. வாசனைத் திரவியம் அடித்து நாற்றத்தை மூடுவது வேண்டாம். காய்ந்தால் தானாகப் போகும்; போகவில்லை என்றால் இன்னும் காயவில்லை.

கூரைத் துணியில் பழுப்பு வளையம் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தேய்க்காதீர்கள். துணிக்குப் பின்னால் இருக்கும் பசை நனைந்தால் விட்டுக்கொண்டு தொங்கிவிடும். நுரையை மட்டும் துணியில் எடுத்து, வளையத்தின் வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். முழுதாகப் போகாவிட்டாலும் மங்கிவிடும்.

நிரந்தரமாக அடைத்துவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அடைத்தாலும் கண்ணாடியின் ஓரத்தில் ஓர் ஊசித்துளை எங்காவது விழும். டியூப் மறுபடி அடைத்தால், அதன் வழியாக வாய்க்காலுக்குள் போகும் தண்ணீருக்கு வெளியேற வழியிருக்காது, எட்டிப் பார்த்துச் சுத்தம் செய்ய உங்களுக்கும் வழியிருக்காது. ஆண்டுக்கு இரண்டு முறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள்: வேப்பம்பூ கொட்டி முடிந்ததும் வைகாசியில் ஒரு முறை, மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை. ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்து, நான்கு மூலையிலும் கால் டம்ளர் தண்ணீர். மரத்தடி நிழலை விட வேண்டியதில்லை. நம் வெயிலுக்கு ரப்பரும் நிழலில்தான் நீடிக்கும். கண்ணாடியில் பூவும் சருகும் கிடக்கும்போது மட்டும் சன்ரூஃபைத் திறக்காதீர்கள். திறந்தால் அத்தனையும் நேராக வாய்க்காலுக்குள் போகும். முதலில் தட்டிவிட்டுப் பிறகு திறங்கள்.

மகனின் ஆசை என்று எழுதியிருந்ததால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கார் ஓடும்போது அவனை சன்ரூஃப் வழியாகத் தலையை நீட்டி நிற்க விடாதீர்கள். நீங்கள் தெருமுனையில் போட்ட அதே பிரேக்குக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எப்படி முன்னால் பாய்ந்தது என்று பார்த்தீர்கள். உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு அவன் வானத்தைப் பார்க்கட்டும்.

அடுத்த வெயில் நாளில் சோதனையைச் செய்துவிட்டு, எந்த மூலையில் தண்ணீர் நின்றது, எந்த மூலையில் இறங்கியும் கீழே வரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். நான்கு மூலையும் சரியாக ஓடி, அப்படியும் விளக்கில் சொட்டினால், கார் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றபோது சொட்டியது என்பதையும் குறித்து அனுப்புங்கள். மேற்கொண்டு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.